உருக்கும் தோலும்: ஓர் எளிமையின் விலை

எளிமை என்னும் சொல்லைப் போல விமர்சகரை ஏமாற்றும் சொல் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. செய்யுளைப் பாராட்டவும் அதனைக் கையாளுகின்றோம். சிறுகதையைப் பாராட்டவும் கையாளுகின்றோம். வறியவன் வாழ்வைக் குறிக்கவும் அதே சொல்லைக் கையாளுகின்றோம். இம்மூன்றும் ஒரே எளிமையல்ல என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம். ஐரோப்பிய, அமெரிக்க ஏல விற்பனைப் பட்டியல்களில் இன்று இச்சொல்லுக்குப் பெருமதிப்பு உண்டு. 1950 முதல் 1980 வரையுள்ள காலத்தில் டென்மார்க்கிலே உருக்கினாலும் தோலினாலும் செய்யப்பட்ட கதிரைகளும் சாய்மனைகளும் அங்கே எளிமையின் சிகரங்களாக விற்கப்படுகின்றன. நாலு பட்டை உருக்கு, ஒரு விரிப்புத் தோல், சில திருகாணிகள். விலையோ பல ஆயிரம் யூரோ. இந்த எளிமை எங்கிருந்து வந்தது, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்பது தளபாட வியாபாரிக்கு மட்டும் உரிய கேள்வியன்று. கலையின் உருவத்திற்கும் அதன் சமுதாயப் பயனுக்கும் உள்ள உறவைப் பற்றி வாதிடும் நாம் எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி அது.

இத்தளபாடங்களுள் தலைசிறந்தவற்றை ஆக்கியவர் போல் கியார்ஹோம். 1929 ஆம் ஆண்டு வட யூட்லாந்திலே ஒரு சிற்றூரிற் பிறந்தவர். அவர் முதலிற் கற்றது தச்சுத் தொழில். ஆசானிடம் பயிற்சியாளராக இருந்து, 1948 ஆம் ஆண்டு தேர்ந்த தச்சராகி, அதன் பின்னரே கொப்பன்ஹேகன் கைவினைக் கல்லூரிக்குச் சென்றார். அக்கல்லூரியிற் கற்பித்தவர்களுள் ஹான்ஸ் வேக்னரும் ஒருவர். மரக் கதிரைக்கு அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் டென்மார்க்கிலே மிகச் சிலர். மரத்தின் நாடு, மரத்தின் ஆசிரியர், மரத்தில் தேர்ந்த மாணவன்: இத்தனையும் கூடியிருக்க, அம்மாணவன் தெரிந்தெடுத்தது உருக்கு.

அவர் தம் படிப்பின் நிறைவில், 1951 ஆம் ஆண்டு, செய்துகாட்டிய கதிரை இன்று பிகே 25 என்னும் எண்ணால் அறியப்படுகின்றது. அதன் சட்டம் ஒரே துண்டு வில்லுருக்கு. நீளவாட்டில் வெட்டிப் பிளந்து, பிளந்த பகுதிகளை வளைத்து, காலும் இருக்கையும் முதுகும் ஆக்கியிருக்கின்றார். எங்கும் பொருத்து இல்லை. காய்ச்சி இணைத்த இடமும் இல்லை. இருக்கைக்கும் முதுகுக்கும் அவர் இழுத்துச் சுற்றியது கொடிக்கம்பங்களிலே கொடியை ஏற்றி இறக்கும் கயிறு. விலையுயர்ந்த பட்டோ, பஞ்சணையோ அன்று. கடைத்தெருவிற் கிடைக்கும் கயிறு! வெட்டும் பொறியும் வளைக்கும் பொறியும் இருந்தால் எந்த ஆலையும் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளக்கூடிய பொருளாகவே அது தோன்றுகின்றது. தச்சுப் பட்டறையில் வளர்ந்த இளைஞன் ஆலை உற்பத்தியை நோக்கி நீட்டிய கை அது என்று கொள்வதிற் தவறில்லை. அக்கை பற்றப்பட்டதா என்பதே கதை.

உருக்குக் கதிரையின் வரலாறு அவருக்குக் கால் நூற்றாண்டு முன்னரே தொடங்கிவிட்டது. 1925 ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைக் கல்லூரியிலே மார்சல் பிறயர் துவிச்சக்கரவண்டியின் வளைந்த பிடியைக் கண்டு குழாய் உருக்கிலே கதிரை செய்தார். தொழிலாளியின் வாகனத்திலிருந்து பிறந்த கதிரை என்று அதனைப் போற்றலாம். நான்கு ஆண்டுகளின் பின், 1929 இல், மீஸ் வான் டெர் றோவும் லில்லி ரைக்கும் பார்சலோனாக் கண்காட்சியின் ஜெர்மன் மண்டபத்திற்குச் செய்த கதிரை வேறு கதை கூறுகின்றது. தட்டையான உருக்குப் பட்டைகள் இரண்டு கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்டு நிற்கும். மேலே தோல் மெத்தைகள். அது செய்யப்பட்டது ஸ்பானிய அரசரையும் அரசியையும் வரவேற்பதற்காக. அதன் குறுக்குக் கால்கள் உரோம நீதிபதிகளின் ஆசனத்தை நினைவூட்டுகின்றன என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். புதிய உலோகத்திலே பழைய சிங்காசனம்!

கியார்ஹோம் இந்த இரண்டாவது கதிரையைத் தம் முன் வைத்துக்கொண்டே 1956 ஆம் ஆண்டு பிகே 22 என்னும் கதிரையை வரைந்தார் என்பது பார்த்த அளவிற் புலப்படும். மீஸ் வான் டெர் றோவின் கதிரையில் 1929 இல் திருகாணிகள் இருந்தன. 1950 ஆம் ஆண்டு அது கறையில் உருக்குக்கு மாற்றப்பட்டபோது அவை மறைந்தன. பட்டைகள் குறுக்கிடும் இடத்தைக் காய்ச்சி இணைத்து, பின் கையினால் தேய்த்துத் தேய்த்து, பொருத்து இருந்த தடமே தெரியாமற் செய்துவிடுகின்றனர். தொழிலாளி தன் உழைப்பின் அடையாளத்தைத் தானே அழிக்கின்ற உழைப்பு அது. கியார்ஹோமின் கதிரையிலோ பக்கத்துக்கு ஒன்றாக இரு கால்சட்டங்கள். அவற்றை இணைக்க வில்போல் வளைந்த இரு குறுக்குப் பட்டைகள். மேலே தோலோ கித்தானோ இழுத்துக் கட்டப்பட்ட, அல்லது பிரம்பு பின்னப்பட்ட இருக்கைச் சட்டம். இவற்றைப் பூட்டுவன சாதாரண இயந்திரத் திருகாணிகள். அவை கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. கழற்றலாம், மறுபடியும் பூட்டலாம். கைப்பிடி இல்லை, மெத்தை இல்லை. அமர்பவரைத் தாங்குவது வில்லுருக்கின் நெகிழ்ச்சியும் தோலின் இழுவிசையுமேயாகும்.

இங்கே ஒன்றைத் தயக்கமின்றிக் கூறவேண்டும். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றாதல் என்று நாம் வகுப்பறையிலே செய்யுளை வைத்து எவ்வளவோ விளக்குகின்றோம். இந்தக் கதிரையை ஒருமுறை சுற்றிவந்து பார்க்கும் மாணவனுக்கு அது பாதி விளக்கத்திலேயே புரிந்துவிடும். எந்தப் பட்டை எதனைத் தாங்குகின்றது, எது இழுக்கின்றது, எது இழுபடுகின்றது என்பவையெல்லாம் வெளிப்படை. அலங்காரம் என்று பிரித்தெடுக்க ஒன்றுமில்லை. பிரித்தெடுத்தாற் கதிரை விழுந்துவிடும். அதே ஆண்டு அவர் செய்த பிகே 61 மேசையில் நான்கு உருக்குத் துண்டுகள் காற்றாடியின் இதழ்களைப் போல ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. மேலே கண்ணாடிப் பலகையை வைத்தால் அந்தப் பொருத்தமே மேசையின் சித்திரமாகி விடுகின்றது. உருக்கின் வலிமை மட்டுமன்றி, அதன் மேற்பரப்பில் ஒளி முறிந்து பரவும் தன்மையும் தம் கலைக்கு இன்றியமையாதது என்றும், மரத்திற்கும் தோலுக்கும் உள்ள கலைத் தகுதி உருக்குக்கும் உண்டென்றும் அவர் கருதினார். பளபளவென்று மின்னும் பூச்சை விடுத்து, மங்கலான குரோமியப் பூச்சை அவர் விரும்பியமைக்கும் காரணம் அதுவே.

1957 ஆம் ஆண்டு மிலான் கண்காட்சியின் பெரும் பரிசு பிகே 22 க்குக் கிடைத்தது. மறு ஆண்டு லுன்னிங் பரிசு. புகழைப் பற்றி இவ்வளவு போதும்.

தோலை இழுத்துக் கட்டி அமரும் வழக்கம் டென்மார்க்குக்குப் புதிதன்று. யூட்லாந்திலே குல்ட்ஹோய் என்னும் புதைமேட்டில் 1891 ஆம் ஆண்டு ஒரு மடக்கு முக்காலி தோண்டி எடுக்கப்பட்டது. அதன் வயது மூவாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல். கால்கள் மரம், இருக்கையில் நீர்நாய்த் தோலின் எச்சம் ஒட்டியிருந்தது. கொப்பன்ஹேகன் தேசிய நூதனசாலையில் அதனைக் காணலாம். வெண்கலக் காலத்தில் அதன்மீது அமர்ந்தவன் உழவனல்லன். அத்தகைய முக்காலியோடு ஓக்கு மரப் பேழையிற் புதைக்கப்பட்டவன் தலைவன் ஒருவனாகவே இருந்திருப்பான். இருபதாம் நூற்றாண்டில் டேனியத் தளபாடக் கலைக்கு இலக்கணம் வகுத்த கோரே கிளின்ற் 1933 ஆம் ஆண்டு சபாரிக் கதிரை ஒன்றை வடித்தார். அதன் மூலம் பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் இந்தியாவிலே கூடாரங்களில் விரித்து அமர்ந்த கழற்றிப் பூட்டும் கதிரை. பொறியியற் படையின் தலைமையிடமாயிருந்த ரூர்க்கி நகரின் பெயரையே அக்கதிரைக்கு இட்டிருந்தனர். கித்தானும் தோல் வாரும் கொண்டு, ஆணி அறையாமல், தரை மேடுபள்ளமானாலும் நான்கு காலும் ஊன்றி நிற்கும் அதன் நுட்பம் மெச்சத்தக்கது. அதிலே சாய்ந்துகொண்டு எழுதப்பட்ட கட்டளைகள் நமது துணைக்கண்டத்து மக்கள்மீது பாய்ந்தவை. கிளின்ற் 1930 ஆம் ஆண்டு வரைந்த மடக்கு முக்காலி ஒன்றின் கருத்தையே கியார்ஹோம் 1961 இல் உருக்கில் எடுத்து முறுக்கிப் பிகே 91 ஆக்கினார். மடக்கினால் இரு கால்களும் ஒன்றினுள் ஒன்று அடங்கிவிடும் அழகை நேரிற் கண்டாலன்றி நம்புதல் அரிது.

இந்தப் பரம்பரையை நாம் எடுத்துக் கூறுவது கியார்ஹோமைப் பழிப்பதற்கன்று. உருவங்கள் கை மாறுகின்றன. தலைவனிடமிருந்தும் அதிகாரியிடமிருந்தும் அவற்றைப் பறித்துப் பொதுமக்களிடம் கொடுக்க முடியும். டென்மார்க்கில் அதற்கு வேண்டிய சூழ்நிலையும் ஓரளவு இருந்தது. வலுவான தொழிற்சங்கங்கள் இருந்தன. கிராமந்தோறும் கூட்டுறவு இருந்தது. சமூக ஜனநாயகவாதிகள் பெரும்பாலான காலம் ஆட்சியில் இருந்தனர். ஆயின் 1952 ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். படிப்பு முடித்த கியார்ஹோம் பிரிட்ஸ் ஹான்சன் தொழிற்சாலையில் ஏறத்தாழ ஓராண்டு வேலை செய்தார். அங்கே இரண்டு ஒட்டுப்பலகைகளை வளைத்துப் பொருத்தி ஒரு கதிரை வரைந்தார். அதே வேளை ஆர்னே ஜேக்கப்சனின் எறும்புக் கதிரையும் அத்தொழிற்சாலைக்கு வந்தது. தொழிற்சாலை ஜேக்கப்சனையே தேர்ந்தது. கியார்ஹோம் வெளியேறினார். அவருடைய ஒட்டுப்பலகைக் கதிரை, 1997 ஆம் ஆண்டு அத்தொழிற்சாலையின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு நிறைவின்போதுதான் அறுநூறு பிரதிகளாக வெளிவந்தது. அப்போது அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எறும்புக் கதிரை யாருக்காக வரையப்பட்டது? நோவோ மருந்துத் தொழிற்சாலையின் உணவுச்சாலைக்காக. மெல்லிய உருக்குக் குழாய்க் கால்கள் மூன்று. மேலே ஒரே ஒட்டுப்பலகை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அதன் வழி வந்த ஏழாம் வரிசைக் கதிரை 1955 இலிருந்து இலட்சக்கணக்கிற் பெருகி உலகெங்கும் பாடசாலைகளிலும் கூட்ட மண்டபங்களிலும் போய் நின்றது. ஆகவே, உருக்கு மக்களிடம் போக மறுத்தது என்று கூற இயலாது. அது போயிற்று, தோலை விட்டுவிட்டுப் போயிற்று. பட்டறையில் ஒவ்வொன்றாய் வெட்டி, இழுத்து, தைத்து, கட்டவேண்டிய வேலையையும் விட்டுவிட்டே போயிற்று.

கியார்ஹோம் வேறு பாதையிற் சென்றார். 1955 ஆம் ஆண்டு ஐவின் கோல் கிறிஸ்டென்சன் என்னும் வணிகருடன் கூட்டுச் சேர்ந்தார். தாம் 1980 இல் இறக்கும்வரை அக்கூட்டைக் கைவிடவில்லை. இவ்வணிகரிடம் பேராலை எதுவும் இல்லை. உருக்கு வேலை கொல்லர் பட்டறையில், தோல் வேலை தோல் தொழிலாளியிடத்தில், மர வேலை பிபி மோப்லர் போன்ற தச்சுப் பட்டறையில் என்று பகுத்துக் கொடுத்துச் சேர்க்கும் முறை அது. அளவிற் சிறிய, தரத்தில் எவ்வித விட்டுக்கொடுப்பும் இல்லாத உற்பத்தி. கலைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? திருகாணியின் தலை எவ்வளவு தாழ்ந்திருக்கவேண்டும் என்பதிலே கூட அவர் சொல்லே முடிந்த சொல்லாயிற்று. ஆலை உற்பத்திக்கெனக் கனவு காணப்பட்ட உருவம் பட்டறையின் கைவேலையிலே முழுமை பெற்றது. பொறியினால் எளிதிற் செய்யத்தக்கது போல் தோன்றுவது, கைகளினால் அரிதிற் செய்யப்பட்டது. இதுவே இத்தளபாடங்களின் மையமான முரண்பாடு என்பது நமது கருத்து. திருகாணியை மறைக்காத இந்த நேர்மையான கதிரை, அதனை ஆக்குவதற்குச் சென்ற மணித்தியாலங்களை மறைத்துவிடுகின்றது. எல்லாம் வெளியே தெரிகின்றன. உழைப்பு ஒன்று மட்டும் தெரிவதில்லை.

இதற்கு எதிர்ப்புறத்திலே நின்றவர் பேர்க்க மோகென்சன். அவரும் தச்சரே. 1942 முதல் 1950 வரை டேனியக் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனம் நடத்திய தளபாட வரைவகத்திற்கு அவர் தலைவர். நம் நாட்டுச் சங்கக்கடையை நினைத்துக்கொண்டால் வாசகர்களுக்கு விளங்கும்: அரிசியும் சவர்க்காரமும் விற்கும் நிறுவனம், தொழிலாளி வீட்டுக்கு ஏற்ற கதிரையையும் மேசையையும் வரைவித்து விற்க முனைந்தது. 1947 ஆம் ஆண்டு வந்த ஜே 39 கதிரையை மக்கள் கதிரை என்றே டேனியர் அழைத்தனர். பீச் மரம், பின்னிய கடதாசிக் கயிறு, அவ்வளவே. உருக்கும் இல்லை, தோலும் இல்லை. பின்னர் அவர் கிறேத்த மேயர் என்னும் பெண் கட்டடக் கலைஞருடன் சேர்ந்து, ஒரு குடும்பத்திற்கு எத்தனை சட்டை, எத்தனை கோப்பை என்று எண்ணி அளந்து அலுமாரிகள் வரைந்தார். கவிதையை விட்டுக் கணக்கெடுப்பிற் புகுந்தார் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். வீடு முழுவதையும் கண்ணாற் கண்டு வரைந்தவன் அவன். கியார்ஹோம் வெறுமையான அறையிலே ஒரு கதிரையை வைத்துக் கண்டவர். அவருடைய கதிரைகளின் படங்களில் அறை எப்போதும் வெறுமையே. குழந்தையின் சட்டையைத் தொங்கப் போட இடமில்லை.

சரி, மோகென்சன் மக்கள் கலைஞர், கியார்ஹோம் பூர்சுவாக் கலைஞர் என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போகலாமே என்றால், வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஜே 39 இன்றும் செய்யப்படுகின்றது. விலை சில நூறு யூரோ. ஒரு கதிரைக்கு அத்தொகையைக் கொடுக்கக்கூடிய தொழிலாளர் எத்தனை பேர்? கடதாசிக் கயிற்றுக் கதிரையையும் சந்தை சீமான்களின் உணவறைக்குக் கொண்டு சேர்த்துவிட்டது. பொருளின் எளிமையோ அதன் வறுமையோ அதற்குக் காவலாகவில்லை. ஆகவே குற்றத்தைத் தோலின்மீதும் உருக்கின்மீதும் ஏற்றுவது மேலோட்டமான விமர்சனமாகும். நம்முள்ளும் சிலர் இத்தகைய விமர்சனத்தையே முற்போக்கு என்று கருதுகின்றனர். நேர்த்தியாகச் செய்யப்பட்டது எதுவோ அது சுரண்டும் வர்க்கத்துக்கு உரியது என்பது அவர்கள் வாய்பாடு. கொல்லனும் தோல் தொழிலாளியும் தம் கைத்திறனின் உச்சத்திலே செய்த பொருளை அவர்களுடையதன்று என்று நாமே எழுதிக் கொடுப்பதாகவே இவ்வாய்பாடு முடிகின்றது.

மறுபுறத்தில் பழம்பொருட் சந்தையின் இரசிகர் இருக்கின்றார். அவர் கதிரையைக் கவிழ்த்து அதன் அடிப்புறத்தை ஆராய்கின்றார். உருக்கிலே கோல் கிறிஸ்டென்சனின் முத்திரை பொறிக்கப்பட்டிருந்தால் மகிழ்கின்றார். 1982 இற்குப் பின் பிரிட்ஸ் ஹான்சன் செய்த பிரதியானால் விலையைக் குறைக்கின்றார். தோல் பழுத்து, நிறங்கறுத்து, வியர்வைக் கறை பட்டிருந்தால் விலை ஏறுகின்றது. புதுமைக்காகப் பிறந்த பொருளிற் பழமைக்கு விலை! மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் அத்தியாயத்திலே பண்டத்தின் மாயத்தை விளக்க ஒரு மரமேசையையே எடுத்துக்கொண்டது நினைவுக்கு வருகின்றது. வணிகனின் முத்திரை அங்கே இருக்கின்றது. வளைத்த கொல்லனின் பெயரும் தைத்தவனின் பெயரும் முத்திரையில் இல்லை. அந்த மங்கலான குரோமிய ஒளியைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கின்றனர். குரோமியப் பூச்சுத் தொட்டியிலிருந்து எழும் ஆவி மூக்கின் நடுச்சுவரைப் புண்ணாக்கித் துளைக்கும், நுரையீரலிற் புற்றுநோயை விளைவிக்கும் என்பது தொழில் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. எந்தப் பட்டறையையும் சுட்டி நாம் இதனைக் கூறவில்லை. ஒளியைப் பற்றி எழுதுகின்றவர்கள் தொட்டியைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம் என்றே கூறுகின்றோம்.

பொதுமக்கள் கியார்ஹோமின் ஆசனங்களில் அமரும் இடங்கள் இல்லாமலில்லை. 1976 ஆம் ஆண்டு கொப்பன்ஹேகனுக்கு வடக்கே லூயிசியானா நூதனசாலையின் இசை மண்டபத்திற்கு அவர் கதிரைகள் வரைந்தார். கூட்டமாக அமர்வோருக்கு ஆசனம் வேண்டும் என்று கேட்டபோது, அவர் உருக்கையும் தோலையும் எடுக்கவில்லை. தாம் இளமையிற் கற்ற மரத்திற்கே திரும்பினார் என்பது கவனிக்கத்தக்கது. அதே ஆண்டில் அவர் கொப்பன்ஹேகன் கலைக் கழகத்திலே பேராசிரியருமானார்.

இன்னொன்று நியூயோர்க் நவீன கலைக் கூடத்திலே இருக்கின்றது. 1957 ஆம் ஆண்டு அவர் செய்த பிகே 80 என்னும் தாழ்ந்த தோல் மஞ்சம். உருக்குச் சட்டத்திற்கும் பலகைக்கும் இடையே இரப்பர் வளையங்கள் மட்டும் நின்று தாங்குகின்றன. அக்கூடத்தின் ஓவிய அறைகளின் நடுவே இவை நெடுங்காலமாகப் போடப்பட்டிருக்கின்றன. கட்டணம் கட்டி உள்ளே வந்த எவரும் அமரலாம். கால் கடுத்த முதியவர்கள் அமர்கின்றனர். பாடசாலைப் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு அமர்கின்றனர். சிலர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருக்கின்றனர். எதிரே சுவரில் உள்ள ஓவியத்தின் பெயரைச் சிறு அட்டையில் வாசிக்கின்றனர். தாம் அமர்ந்திருப்பது என்னவென்று பெரும்பாலானோர் வினவுவதில்லை. சற்று நேரம் இளைப்பாறி எழுந்து செல்கின்றனர். அவர்கள் அமர்ந்து அமர்ந்து தேய்ந்த தோலுக்கு அங்கே எவரும் விலை கூறுவதில்லை.